தாயின் பேச்சும் ஒரு பாடமே

இங்கிலாந்தில் பதினாறு வயதை எட்டிய மாணவர்கள் பெரும்பாலும் மூன்று பாடங்களை மட்டும் தெரிவு செய்து, ஈராண்டுகள் ஆழ்ந்து பயில்கின்றனர். 1951ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வுயர்நிலைப் படிப்பை 'ஏ லெவல்' என்பர். தூத்துக்குடியிலிருந்து வந்து இங்குக் குடியேறிய எங்கள் இல்லத்தில், மகள் ஆங்கில மொழியை ஒரு பாடமாகத் தெரிவு செய்தபோது பெரும் விவாதம் எழுந்தது.

"இங்கேயே பிறந்தவளுக்கு ஆங்கிலத்தில் இன்னும் கற்க என்ன இருக்கிறது? அதற்குப் பதில் வேதியியல் எடுத்தால் மருத்துவம் படிக்கலாமே!" என்று என் மனைவி வருந்தினாள். அவ்வருத்தத்திற்கு வேறொரு காரணமும் உண்டு. கடையொன்றில் அவளது உச்சரிப்பைக் கேட்டுச் சிலர் நகைத்த நாள்முதல், ஆங்கிலம் என்றாலே அவளுக்குக் கூச்சம். பள்ளியில் நடக்கும் பெற்றோர் கூட்டத்திற்கும் என்னையே அனுப்புவாள்.

மகள் கொணர்ந்த நூல்களை நானும் புரட்டினேன். பிழை திருத்தும் இலக்கணப் பாடமன்று அது. மனிதர் மொழியை எவ்வாறு கற்கின்றனர், அது காலத்தாலும் இடத்தாலும் எவ்வாறு மாறுகிறது என்று ஆராயும் பாடம். எடுத்துக்காட்டாக, 1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க அறிஞர் வெளியிட்ட ஆய்வைக் கூறலாம். பறவை போன்றதோர் உருவத்தைக் காட்டி, 'இது வக்' என்று சிறுவர்க்குச் சொன்னார். அப்படியொரு சொல் ஆங்கிலத்தில் இல்லை. அவர் புனைந்த சொல் அது. பின்னர் இரண்டு உருவங்களைக் காட்டியதும் சிறுவர் பலர் 'வக்ஸ்' என்றனர். கேட்டறியாத சொல்லுக்கும் பன்மை கூறினர் எனில், குழந்தைகள் கிளிப்பிள்ளை போல் ஒப்புவிப்பதில்லை. விதியையே உள்ளத்தில் கண்டுகொள்கின்றனர் என்பது தெளிவு.

இப்பாடத்தில் தேர்வு எழுதினால் மட்டும் போதாது. மகளின் தேர்வு வாரியமான ஏ.க்யூ.ஏ. விதித்தபடி, மக்கள் பேசுவதையோ எழுதுவதையோ திரட்டி, 2,000 சொற்களில் ஓர் ஆய்வும் எழுத வேண்டும். அவள் தாயின் அனுமதி பெற்று, வீட்டில் தாய் பேசுவதையே பதிவு செய்தாள். "ட்ரை பண்ணினேன்", "ஃபோன் பண்ணுவாள்" என்று தாய் இரு மொழிகளையும் கலந்து பேசுவதில் ஓர் ஒழுங்கைக் கண்டாள். ஆங்கிலச் சொல் பொருளைத் தருகிறது. யார் செய்தார், எப்போது செய்தார் என்பதை 'பண்ணு' என்னும் தமிழ் வினையே தாங்குகிறது. யாரும் கற்பிக்காத இவ்விதியைத் தாய் ஓரிடத்திலும் மீறவில்லை.

"அம்மா, நீங்கள் பேசுவது குழப்பமன்று, அதற்கும் இலக்கணம் உண்டு" என்று மகள் விளக்கியபோது என் மனைவியின் கண்கள் கலங்கின. அடுத்த பெற்றோர் கூட்டத்திற்கு அவளே சென்றாள். தன் உச்சரிப்பிலேயே ஆசிரியரிடம் பேசினாள்.

தேர்வுத்தாளில் பொதுவழக்கான ஆங்கிலத்தையே பிழையின்றி எழுத வேண்டும் என்பதும் உண்மை. இடத்திற்கேற்ற மொழியைக் கற்பது வேறு. பிறர் பேச்சை இகழ்வது வேறு. தலைமைக் குருவின் முற்றத்தில் இராயப்பரைக் கலிலேயர் என்று காட்டிக்கொடுத்தது அவரது பேச்சு வழக்கே. அவ்வழக்கிற்குரியவரிடமே நம் ஆண்டவர் தம் மந்தையை ஒப்படைத்தார்.

பெற்றோரே, பிள்ளைகள் ஒரு பாடத்தை விரும்பினால், 'இதனால் என்ன வேலை கிடைக்கும்?' என்று கேட்பதோடு, 'இதில் என்ன கற்கிறாய்?' என்றும் அன்புடன் கேளுங்கள். அவர்கள் கூறும் விடை உங்கள் இல்லத்திற்கே ஒளியாகலாம்.