76 படிகளுக்குக் கீழே

லண்டனுக்குப் போனால் மெழுகுப் பொம்மைகளைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். பாதாள ரயிலில் ஏறி அக்ஸ்பிரிட்ஜில் இறங்குங்கள். அங்கே 76 படிகளுக்குக் கீழே, 60 அடி ஆழத்தில் ஓர் அறை இருக்கிறது. 1940-ல் ஜெர்மன் விமானங்கள் படையெடுத்து வந்தபோது, தென்கிழக்கு இங்கிலாந்தைக் காத்த விமானங்களுக்கு உத்தரவு போனது இங்கிருந்துதான்.

நடுவே பெரிய மேஜை, அதன்மேல் தேசப்படம். சுற்றி நின்றவர்கள் யார் தெரியுமா? இளம் பெண்கள்! காதில் டெலிபோன், கையில் நீண்ட கோல். தகவல் வர வர, விமானக் கூட்டங்களைக் குறிக்கும் வில்லைகளை நகர்த்துவார்கள்.

என்னை மயக்கியது சுவர்க் கடிகாரம். ஐந்தைந்து நிமிஷத்துக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வர்ணம். செய்தி வந்த வேளையின் நிறமே வில்லைக்கும். பார்த்த மாத்திரத்தில், செய்தி சூடானதா, ஆறிப்போனதா என்று தெரிந்துவிடும். நம் சமையலறை டப்பாக்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால்!

செப்டம்பர் 15-ந் தேதி சர்ச்சில் மனைவியோடு வந்து, மேல் வரிசையில் உட்கார்ந்தார். சுருட்டுப் பற்றவைக்க அனுமதி இல்லை. எதிரே பலகையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. எல்லாப் பிரிவுகளும் வானத்தில்! கையிருப்பு எவ்வளவு என்று கேட்டார். ஒன்றுமே இல்லை என்றார் தளபதி பார்க்.

அன்றைய நிலையிலேயே வில்லைகளை இன்றும் அந்த மேஜைமேல் வைத்திருக்கிறார்கள்.