தறிக்குழியில் ஒரு பெருவிரல்

வேலூரில் பஸ் ஏறும்போதே என் வலது கால் பெருவிரல் முரண்டு பிடித்தது. படியில் ஊன்றி எம்பினால் விரலின் அடி மூட்டில் 'சுருக்'கென்று ஒரு குத்து!

"உங்கள் காலுக்காக முகூர்த்தம் காத்திருக்குமா?" என்றாள் என் மனைவி. பெண்ணின் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஆரணிக்குப் போகிறோம். நான் என்ன சொல்ல முடியும்?

கமண்டல நாகநதிக் கரை ஊர் ஆரணி. 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் இங்கே ராஜா சாகிபின் படையை முறியடித்தார். கோட்டைப் பக்கம் போகக் கால் இடம் கொடுக்கவில்லை. நேரே நெசவாளர் வீடு ஒன்றுக்குப் போனோம்.

தறிக்குழிக்குள் காலை விட்டு அமர்ந்திருந்தார் ஒரு பெரியவர். மேலே நாடா ஓடுகிறது. கீழே வெறுங்கால் மிதிகட்டையை மாறி மாறி அழுத்துகிறது. மிதித்தால்தான் பாவு இழைகள் பிரிந்து ஊடைக்கு வழிவிடும். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. அதில் பாதிப் பெருமை காலுக்கு என்பேன். மனைவி புடவையைப் பார்த்தாள். நான் அவர் காலைப் பார்த்தேன். பெருவிரல் மூட்டின்மேல், எனக்கிருப்பது போலவே ஒரு முண்டு!

"எத்தனை நாளாகப் பெரியவரே?"

"மூணு வருஷமாச்சுங்க. விரல் வளைய மாட்டேங்குது. குதிகாலால மிதிச்சுச் சமாளிக்கிறேன்."

எனக்கு டாக்டர் சொன்னதை அவருக்குச் சொன்னேன். மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து, மேற்புறம் எலும்பு முளைத்து, விரலை மேலே வளையவிடாமல் தடுக்கிறது. 1887-லேயே லண்டனில் டேவிஸ்-காலி என்ற வைத்தியர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ராத்திரியில் திடீரென்று சிவந்து வீங்கினால் அது பெரும்பாலும் யூரிக் அமிலத்தின் வேலை. அதற்கு வைத்தியமே வேறு. நம்முடையதற்கு, வளையாத கெட்டி அடி வைத்த செருப்பு நல்லது.

பெரியவர் சிரித்துவிட்டார். "செருப்பு போட்டுக்கிட்டு மிதிகட்டை மிதிக்கிறதாங்க?"

என் அசட்டுத்தனம்! முளைத்த எலும்பைச் செதுக்கி எடுக்கலாம், முற்றிவிட்டால் மூட்டையே இணைத்துவிடலாம் என்றேன்.

"அறுத்தா எத்தனை நாள் தறியில உட்காரக் கூடாது?"

"சில வாரம் ஆகும்."

"அதுவரைக்கும் கூலி?"

நான் பதில் சொல்லாமல் என் கால்சோட்டைப் பார்த்துக்கொண்டேன். மனைவிதான் பையிலிருந்து காகிதம் எடுத்து, வேலூரில் எலும்பு வைத்தியரைப் பார்க்கும் கிழமையை எழுதிக் கொடுத்தாள். அவர் அதை மடித்துத் தறிமேட்டில் வைத்தார்.

"இந்தப் பாவு முடிஞ்சதும் போறேம்மா."

பாவில் இன்னும் இரண்டு புடவை பாக்கி இருந்தது.