கிடங்கு

வானொலிக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில் உறுதியாகச் சொல்லிவிடுவோம். அப்படித்தான் ஒரு காலை நிகழ்ச்சியில், "கோலாலம்பூரின் கதை பிரிக்ஃபீல்ட்ஸ் செங்கல் சூளையில் தொடங்குகிறது" என்று அளந்துவிட்டேன். அடுத்த நிமிடமே ஒரு பெரியவர் அழைத்தார்.

"செங்கல்லுக்கு முன்னாடி ஈயம்மா. ஈயத்துக்கு முன்னாடி ஒரு வீடு. அது எங்க கிள்ளான்ல இருக்கு. போய்ப் பாரும்மா."

நானும் கிள்ளான்காரிதான் என்று சொல்ல வாய் வரவில்லை. பாட்டைப் போட்டுவிட்டுத் தப்பித்தேன்.

அவர் சொன்னது கெடோங் ராஜா அப்துல்லா. தீபாவளித் துணி எடுக்க தெங்கு கிளானா சாலைக்கு வருடம் தவறாமல் போகிறோம் அல்லவா, அங்கிருந்து நடந்தே போய்விடலாம். சின்ன வயதிலிருந்து அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஏதோ பழைய அரசாங்கக் கட்டடம் என்று நினைத்ததோடு சரி.

1857இல் கட்டிய வீடு அது. பூகிஸ் வம்சத்து ராஜா அப்துல்லாவிடம் கிள்ளானின் ஆட்சி கொடுக்கப்பட்டிருந்த காலம். வீடு என்றால் வெறும் வீடு இல்லை. குடும்பம் வாழ்ந்ததும் அங்கேதான், ஈயமும் அரிசியும் ஆயுதமும் அடுக்கியதும் அங்கேதான். சாலை இல்லாத நாளில் ஆறுதான் நெடுஞ்சாலை. ஆற்றின் கீழ்ப்பகுதி யார் கையில் இருக்கிறதோ, மேலிருந்து வரும் ஈயத்துக்கு வரி வாங்குபவரும் அவரே.

அதே 1857இல்தான், மலாக்கா வணிகர்களிடம் 30,000 வெள்ளி வாங்கி, 87 சீனத் தொழிலாளர்களை ஆற்றோடு மேலே அனுப்பினார்கள். கோம்பாக் ஆறு வந்து சேரும் இடம்வரை படகு. அதற்குமேல் காட்டுக்குள் நடந்து அம்பாங். ஒரே மாதத்தில் காய்ச்சல் வாரிக்கொண்டு போனதில் மிஞ்சியவர்கள் 18 பேர். ராஜா என்ன செய்தார்? இன்னும் 150 பேரை அனுப்பினார். 1859இல் ஈயம் வெளியே போகத் தொடங்கியது. அந்தப் படகுகள் நின்ற சேற்று முனைதான் பின்னாளில் கோலாலம்பூர். பெரியவர் சொன்னது சரிதான்.

ஈயம் வந்தால் சண்டையும் வரும். கிள்ளானை முன்பு வைத்திருந்த குடும்பத்தின் பிள்ளை ராஜா மஹாடி. தன் வீட்டுச் சொத்து அடுத்தவர் கைக்குப் போன கோபம் அவருக்கு. 1867இல் கிள்ளானைத் தாக்கிப் பிடித்தார். அப்துல்லாவின் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. சிலாங்கூர் உள்நாட்டுப் போர் அதிலிருந்து பற்றி எரிந்தது. ராஜா மஹாடியின் கோட்டை இருந்த குன்றில் இன்று ஒரு நுழைவாயில் மட்டும் நிற்கிறது. அவர் துரத்திய குடும்பத்தின் வீடோ முழுதாக நிற்கிறது! போருக்குப் பிறகு பிரிட்டிஷ் அலுவலகம், பிறகு போலீஸ் நிலையம், பிறகு அருங்காட்சியகம் என்று அது ஆள் மாறி ஆள் மாறி வந்திருக்கிறது.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது என்னை நிறுத்தியது அந்த 'கெடோங்'. மலாய் அகராதியைப் புரட்டினால், சொல்லின் மூலம் தென்னிந்தியாவுக்குப் போகிறது. நம் கிடங்குதான் மலாயில் குடாங், கெடோங். அதுவே ஆங்கிலேயர் வாயில் கோடவுன் ஆகி, நாம் அதைத் திரும்ப வாங்கி 'குடோன்' என்கிறோம். சொந்தப் பிள்ளையையே தத்தெடுத்த மாதிரி.

அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு ராஜாவில் ஆர்வம் இல்லை. கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அந்தத் தோட்டம் இப்போது தாமான் ஆகிவிட்டது. லயம் இல்லை, பால் நிறுத்த கொட்டகை இல்லை. சரி, வேறு கதை பேசலாம் என்று, சக ஊழியர் ஒருவர் பிரான்சிலிருந்து அனுப்பிய படத்தைக் காட்டினேன். அந்தக் காலத்துப் பிரபு ஒருவரின் கோட்டை வீடு. கோபுரமும் கனத்த மதிலும் அப்படியே இருக்க, உள்ளே இப்போது ஒயின் தயாரிக்கிறார்கள். நுழைவுச்சீட்டு வாங்கினால் ஒரு கிளாஸ் ருசி பார்க்கலாம்.

"கோட்டை சாராயக் கடையாயிருச்சா?" என்று அம்மா சிரித்தார். "எங்க தோட்டத்துல கள்ளுக்கடைதான் கோட்டை. லயமெல்லாம் பலகை. அது மட்டும் கல்லுக் கட்டடம், கம்பி போட்ட ஜன்னல். சம்பள நாள்ல ஒங்க பாட்டி என்னை இடுப்புல வச்சிக்கிட்டு அந்தக் கம்பிக்கு வெளியே நிப்பாங்களாம். தாத்தா உள்ள போறதுக்குள்ள காசை வாங்கணும்."

வாங்கினாரா என்று கேட்டேன். "சில மாசம்" என்றார்.

அன்று இரவு 1941 கிள்ளான் வேலைநிறுத்தம் பற்றிப் படித்தேன். பள்ளிக்கூடத்திலும் சரி, ஊடகப் படிப்பிலும் சரி, யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் முன்னின்ற போராட்டம். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி வேண்டும், பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும், பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும், துரை எதிரே வந்தாலும் சைக்கிளைவிட்டு இறங்காமல் போக உரிமை வேண்டும். அந்தப் பட்டியலிலேயே இன்னொன்று: கள்ளுக்கடைகளை மூட வேண்டும். மே மாதம் நாதனைக் கைது செய்து, பிறகு நாடு கடத்தினார்கள். கலவரம், அவசரநிலை, துப்பாக்கிச் சூடு, தொழிலாளர்கள் செத்தார்கள். பாட்டிக்கு அப்போது பத்து வயதுகூட இருக்காது. அவர் வளர்ந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்று அந்தக் கம்பி ஜன்னல் முன்னால் வந்து நின்றபோதும் கடை திறந்துதான் இருந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். நேரம் கடந்துவிட்டதால் உள்ளே போக முடியவில்லை. வெளியே நின்று பார்த்தோம். 87 பேர் கதையைச் சொன்னேன். அம்மா கேட்டார், "அவங்க பேரு எங்கயாவது எழுதி வச்சிருக்கா?" நான் படித்த எதிலும் இல்லை என்றேன்.

திரும்பும் வழியில், தோட்டம் இருந்த தாமானுக்குள் காரை விடச் சொன்னார். வரிசை வீடுகள், ஒரு மினி மார்க்கெட், பிள்ளைகள் விளையாடும் திடல். அம்மா கண்ணாடியை இறக்கி, ஒரு மழை மரத்தை அடையாளம் வைத்து இடமும் வலமும் கையால் அளந்தார். பிறகு ஒரு டோபிக் கடையைக் காட்டினார்.

"இங்கதான். ஜன்னல் இந்தப் பக்கம் பார்த்த மாதிரி."

காரை ஓரமாக நிறுத்தினேன். கடைக்குள் இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.