சலம் அடக்கும் பிள்ளைகள்

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்துச் சனம் பெயர்ந்து தென்மராட்சியில் நிறைந்தது. கொடிகாமத்தில் மலசலகூட வரிசைகளில் சிறுவர்கள் கால்களைப் பின்னிக்கொண்டு சலத்தை அடக்கி நின்றமை என் மனத்தில் தங்கிவிட்டது.

பல்லாண்டுகள் கழித்து யூரோஃபுளோமெட்ரி என்ற சோதனையைப் பற்றி வாசித்தேன். ஊசியில்லை, வலியில்லை. பிள்ளை ஒரு புனலுக்குள் சலம் கழிக்க, கருவி செக்கனுக்கு எத்தனை மில்லிலீற்றர் எனக் கோடு வரைகிறது. நலமான பிள்ளையின் கோடு கோவில்மணி உருவில் ஏறி இறங்கும். அடக்கி அடக்கிப் பழகியோர் சிலரில், கழிக்கும்போதும் தசை இறுகுவதால், அது வாள்பல் போல முறிகிறது.

ஐந்து வயதுப் பிள்ளையின் சலப்பை ஏறத்தாழ 180 மி.லீ. கொள்ளும், வயதுடன் ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்குவதே கணக்கு. உச்ச வேகத்தின் வர்க்கம் கழித்த அளவுக்குக் குறையலாகாது: 100 மி.லீ. கழித்தால் செக்கனுக்கு 10 மி.லீ. வேண்டும்.

2013இல் லக்னோ மருத்துவர்கள் 5 முதல் 15 வயதுவரையான நலமான பிள்ளைகளுக்கு அளவு வரைபடங்கள் வெளியிட்டனர். நம் பிள்ளைகளுக்கும் அத்தகையது தேவை. ஆயினும் பள்ளி மலசலகூடத்துக்குக் கதவும் தண்ணீரும் அதற்கு முன்பே தேவை. பெண்பிள்ளைகள் பலர் காலையில் தண்ணீர் குடியாமலே பள்ளிக்குப் புறப்படுகின்றனர். ஏனென்று தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள்.