டெலிவரிக்குப் பிறகு வந்த விரிசல்

வாதி ஒரு கல் கிரஷர் உரிமையாளர். பிரதிவாதி வெல்டிங் பட்டறைக்காரர். ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்துபோக, அதை வெல்டு வைத்து நிரப்பி லேத்தில் கடைந்து கொடுத்திருந்தார். மாட்டிய மூன்றாம் நாள் ஷாஃப்ட் முறிந்தது. நான் வாதி தரப்பு.

பட்டறைக்காரரின் எதிர்வாதம் கேட்க நியாயமாகவே இருந்தது. எடுத்துப் போகும்போது ஒரு கோடுகூட இல்லை. அதிக லோடு போட்டு உடைத்திருக்கிறார்கள். சலானில் 'சரிபார்த்துப் பெற்றேன்' என்று என் கட்சிக்காரரின் கையெழுத்து வேறு.

சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 26, விதி 10-ஏ-யின் கீழ் மனுப் போட்டு, உடைந்த துண்டுகளை உலோகவியல் பேராசிரியர் ஒருவரின் ஆய்வுக்கு அனுப்பவைத்தோம். ஷாஃப்ட் ஈஎன்19 ரக எஃகு, சுமார் 0.4 சதவீதம் கார்பன், கூடவே குரோமியம், மாலிப்டினம். வெல்டை ஒட்டிய பகுதி சட்டென ஆறினால், கண்ணாடிபோல் உடையும் மார்ட்டன்சைட்டாகிவிடும். வெல்டிங் ராடின் ஈரத்திலிருந்து வந்த ஹைட்ரஜனும் அங்கே சேர்ந்தால் விரிசல் நிச்சயம். ஆனால் உடனே வராது. சில மணி நேரமோ இரண்டு நாளோ கழித்து, வெல்டுக்கு அடியில் திறக்கும். இந்த ஷாஃப்டிலும் முறிவு அங்கேதான் தொடங்கியிருந்தது. பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை. அன்று கோடு இல்லைதான்.

குறுக்கு விசாரணையில் கேட்டேன்.

"எந்த ராடு போட்டீங்க?"

"6013 தானுங்க." லோ ஹைட்ரஜன் ராடான 7018 இல்லை.

"முன்சூடு?"

"கேஸ்ல காட்டினேனுங்க. தண்ணி தெளிச்சேன், சொய்ங்னு போச்சுங்க."

தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தத் தடிமனுக்கு 250 டிகிரியாவது வேண்டும் என்பது பேராசிரியர் சாட்சியம். குறித்த சூட்டில் உருகும் டெம்பரேச்சர் சாக்கால் தேய்த்துப் பார்த்திருக்கலாம். அதற்கு என்ன பெரிய செலவு?

"முடிஞ்சதும் சுண்ணாம்புத்தூள்ல புதைச்சு மெதுவா ஆறவிட்டீங்களா?"

"எங்கீங்க! சாயங்காலமே வேணும்னு ஓனர் தலைமாட்டுல நின்னாருங்க. ஃபேனைப் போட்டுட்டேன்."

என் கட்சிக்காரர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த அவசரத்தைக் கடைசிவரை விடவில்லை.

புது ஷாஃப்டின் விலையும் வெல்டிங் கூலியும் தீர்ப்பாயின. கிரஷர் நின்ற நாட்களின் வருமான இழப்புக்குக் கணக்கு தாக்கல் செய்யாததால் அந்தக் கோரிக்கை தள்ளுபடி.

ஈஎன்19, ஈஎன்24 வேலை கொடுப்பவர்கள் எஃகின் தரம், ராடு, முன்சூட்டு டிகிரி மூன்றையும் சலானில் எழுதி வாங்குங்கள். 48 மணி நேரம் கழித்து விரிசல் சோதனை செய்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.