புறப்பட்ட வாசலுக்கே திரும்பும் வழி



கடந்த வாரம் ஒருநாள் அதிகாலையில், நம் சபையின் முதியவர் ஒருவரோடு ஆம்பூருக்கு அருகே பாலாற்றுப் பள்ளத்தாக்கில் நடந்தேன். அவருடைய வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு, ஏரிக்கரையில் ஏறி, நீரற்ற ஆற்று மணலில் இறங்கி, வரப்புகளின் வழியே திரும்பினோம். தெற்கே ஜவ்வாது மலை நீலமாய்த் தெரிந்தது. காண்பதற்கு இனிய பூமிதான்.

வீட்டை நெருங்குகையில், அவர் தம் கிணற்றருகே நின்றார். "ஐயா, இந்தத் தண்ணிய வாயில வச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன், உப்புக் கரித்தது. அவருடைய தகப்பனார் இந்நீரைப் பாய்ச்சி நெல்லும் கரும்பும் விளைவித்தாராம். இன்று எஞ்சியிருப்பவை சில தென்னைகளே. மகன் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டிற்குக் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். "அவன் சம்பாத்தியத்துலதான் குடும்பம் நிக்குது. நான் யாரை நொந்துக்க முடியும், ஐயா?" என்றார். என்னிடம் மறுமொழி இல்லை.

பிரியமானவர்களே, பச்சைத்தோல் கெடாதிருக்க உப்பு இடப்படுகிறது. அத்தோலைக் கழுவும் நீரோடு அந்த உப்பும் வெளியேறுகிறது. நீரில் கரைந்தபின் அதைப் பிரித்தெடுப்பது மிகவும் கடினம். தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவுக்கோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதென்பதை, 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துரைத்தது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்றும் விதித்தது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கும்படி மீண்டும் கட்டளையிட வேண்டியதாயிற்று. இடையில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.

2 இராஜாக்கள் 2-ஆம் அதிகாரத்தில், எரிகோவின் மனுஷர் எலிசாவிடம் வருகிறார்கள். தங்கள் பட்டணம் குடியிருக்க நல்லதென்று சொன்ன அதே வாயால், அதன் தண்ணீர் கெட்டதென்பதையும் மறைக்காமல் அறிக்கையிடுகிறார்கள். தீர்க்கதரிசி குடங்களிடம் போகவில்லை. நீரூற்றுக்கே போய், அங்கே உப்பைப் போடுகிறார். கர்த்தர் அந்நீரை ஆரோக்கியமாக்குகிறார். அங்கே குணமாக்க உதவிய உப்பு, இங்கே நம் கைகளில் நிலத்தைப் பாழாக்கியிருக்கிறது.

தோல் தொழில் இழிவானதன்று. அப்போஸ்தலனாகிய பேதுரு யோப்பாவிலே தோல் பதனிடுகிற சீமோனின் வீட்டில் தங்கினார். உங்களில் அநேகருடைய உழைப்பின் அப்பம் இத்தொழிலிலிருந்தே வருகிறது. அதற்காக நான் தேவனைத் துதிக்கிறேன். ஆயினும் ஒன்றை அறிக்கையிடுகிறேன். புதிய தொழிற்கூடங்களுக்காகவும், போனஸ் பெற்றவர்களின் ஸ்தோத்திரக் காணிக்கைக்காகவும் எத்தனையோ முறை ஜெபித்திருக்கிறேன். அந்தக் கிணற்றுக்காக ஒருமுறையும் ஜெபித்ததில்லை. பட்டணத்தின் நன்மையைச் சொன்னேன், தண்ணீரைப்பற்றி மௌனமாயிருந்தேன்.

ஆகவே, வருகிற அறுப்பின் பண்டிகையில் நெல்லோடும் தேங்காயோடும், உங்கள் கிணற்று நீரில் ஒரு செம்பு கொண்டுவாருங்கள். இனிப்பானாலும் கரித்தாலும் கொண்டுவாருங்கள். அதைப் பீடத்தின்முன் வைத்து ஜெபிப்போம். தொழிற்கூடங்களில் பொறுப்பிலிருக்கிற சகோதரரே, கழிவுநீரை எங்கே விடுவதென்ற முடிவு உங்கள் கையில் வரும்போது, அந்தச் செம்பை நினைவுகூருங்கள். இழப்பீட்டுக்காக இன்னும் காத்திருப்போர் நம் சபையில் இருந்தால், என்னிடம் வாருங்கள். மனு எழுதவும் அலுவலகத்திற்கு உடன்வரவும் ஆயத்தமாயிருக்கிறேன்.

ஜெபம்: ஊற்றுகளை உண்டாக்கின ஆண்டவரே, எங்கள் மௌனத்தை மன்னியும். தகப்பனின் கிணறும் மகனின் வேலையும் ஒன்றையொன்று அழிக்காத வழியை எங்களுக்குப் போதியும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.