அறுவடை இயந்திரத்துக்கு ஜகாத் உண்டா?



ஜகாத் பாடத்தில் ஒட்டகக் கணக்கை மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். எங்கள் நைனார்பாளையத்தில் ஒட்டகம் ஏது? ஆகவே, ஊரில் காண்பவற்றை வைத்துக் கேள்வி கேட்கச் சொல்வேன். ஒரு மாணவர் கேட்டார்: "ஹஜ்ரத், நெல் அறுக்கும் மெஷினுக்கு ஜகாத் உண்டா?"

இல்லை என்பதே ஃபிக்ஹ் நூல்கள் தரும் விடை. தச்சரின் உளிக்கும் உழவரின் ஏருக்கும் ஜகாத் இல்லை; அவ்வாறே பல இலட்சம் பெறுமான இயந்திரமும் தொழிற்கருவியே. அதன் வாடகை வருவாய் செலவு போக எஞ்சி, நிஸாப் அளவை எட்டி, ஓராண்டு கடந்தால் அதில் 2.5 விழுக்காடு கடமையாகும்.

சட்டம் இவ்வளவு தெளிவானது. எனினும், அதன் பின்னே நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் நெல்லறுப்பு ஒரு காலத்தில் பலர் கூடிச் செய்த வேலை. ஆணும் பெண்ணுமாக வயலில் இறங்கி அறுப்பார்கள். கட்டுக் கட்டிக் களத்தில் அடித்துத் தூற்றுவார்கள். கூலியை நெல்லாகவே அளந்து பெறுவார்கள். இன்று இயந்திரம் ஓர் ஏக்கரை ஓரிரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. ஆள் கிடைக்காமல் தவிக்கும் உழவருக்கு அது பேருதவி. அதை நான் குறைகூறவில்லை. ஆனால் பல வீடுகளுக்குப் பிரிந்து சென்ற கூலி, இப்போது ஒருவரிடம் வாடகையாகச் சேர்கிறது.

செயற்கை நுண்ணறிவு இதே மாற்றத்தை அலுவலக மேசைக்குக் கொண்டுவருகிறது. உலக வேலைகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை அது பாதிக்கக்கூடும் என்று பன்னாட்டு நிதியம் 2024 ஜனவரியில் கணித்தது. ஏற்றத்தாழ்வு பெருகக்கூடும் என்றும் எச்சரித்தது. சென்னையிலும் வளைகுடாவிலும் நம் பிள்ளைகள் பார்க்கும் கணக்கெழுதுதல், தரவுப் பதிவு, மொழிபெயர்ப்பு போன்ற பணிகளும் இதில் அடங்கும்.

இங்கே ஷரீஅத்தின் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். புதையலில் ஐந்தில் ஒரு பங்கு, மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்று, நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒன்று, வணிகச் சரக்கில் நாற்பதில் ஒன்று. உடையவரின் உழைப்பு குறையக் குறைய, பிறருக்குரிய பங்கு கூடுகிறது! இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் இந்த ஒழுங்கை எடுத்து விளக்கியுள்ளார்கள். செல்வம் செல்வந்தர்களுக்குள்ளேயே சுற்றிவரக் கூடாது என்பது அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 7ஆம் வசனம் உணர்த்தும் நோக்கமாகும்.

மார்க்கம் விதித்த அளவுகளை மாற்ற எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஸதகாவுக்கு உச்சவரம்பு கிடையாது. மென்பொருளை வாங்கியதால் ஒரு கணக்கரின் சம்பளம் மிச்சமாகும் கடைக்காரர், அம்மிச்சத்தில் ஒரு பகுதியை அக்குடும்பம் வேறு தொழில் கற்கும்வரை கொடுக்கலாம். மஹல்லா பைத்துல்மால் இளைஞர்களுக்கு இயந்திரப் பழுதுநீக்கமும் கணினியும் கற்பிக்கச் செலவிடலாம். கூலிவேலை இழந்த பத்துக் குடும்பங்கள் கூட்டு முதலீட்டில் ஓர் இயந்திரத்துக்கு உரிமையாளராக ஜமாஅத் துணை நிற்கலாம். கூட்டுத் தொழில் நம் மார்க்கம் அனுமதித்த வழியே.

இயந்திரம் ஹலாலா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அது தரும் இலாபம் யார் யாரைச் சென்றடைகிறது என்றும் கேட்போம். நம் செல்வத்தில் பிறருக்குள்ள உரிமையை உணர்ந்து நிறைவேற்றுவோராக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக. ஆமீன்.